டாக்டர்கிட்ட போற வழியிலயே ஆபத்து... ஆக்சலாட்டல் வளர்க்கிறவங்க இதைப் படிச்சுட்டு கிளம்புங்க!

ரீல்ஸ்ல கண்டிப்பா பார்த்திருப்பீங்க. ரோஸ் கலர் உடம்பு, தலைக்கு ரெண்டு பக்கமும் இறகு மாதிரி விரிஞ்ச செவுள், எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருக்கிற மாதிரி ஒரு வாய். 2021-ல மைன்கிராஃப்ட் கேமுக்குள்ள வந்ததுக்கு அப்புறம் ஆக்சலாட்டலுக்கு ரசிகர்கள் எங்கேயோ போயிட்டாங்க. நம்ம ஊர் வண்ண மீன் பிரியர்கள் வீடுகளிலும் இப்போ இது நீந்திக்கிட்டு இருக்கு.

சரி, அதுக்கு உடம்பு சரியில்லைன்னா?

மே மாசம்னு வெச்சுக்கோங்க. ஒரு வாரமா சாப்பிடலை, செவுள்ல வெள்ளையா பஞ்சு மாதிரி ஏதோ ஒட்டியிருக்கு. பதறிப்போய் ஒரு பாலிதீன் கவர்ல தண்ணியோட போட்டு, டூவீலர் ஹேண்டில்பார்ல மாட்டிக்கிட்டு மதியம் மூணு மணிக்கு டாக்டரைத் தேடிக் கிளம்புறீங்க. சிக்னல்ல நிக்க நிக்க கவர்ல இருக்கிற தண்ணி வெந்நீராகிட்டே வருது. நோய் கொல்லாத உயிரை அந்த அரை மணி நேரப் பயணம் கொன்னுடலாம். அக்கறை இல்லாததால இல்ல, இது மீனும் இல்ல நாயும் இல்லங்கிறது தெரியாததால.

எல்லாமே தோல் வழியாத்தான்

ஆக்சலாட்டல், சாலமாண்டர் இனத்தைச் சேர்ந்த இருவாழ்வி. தவளைக்கு ஒருவகையில தூரத்துச் சொந்தம். மத்த சாலமாண்டர்கள்ல பல வளர்ந்ததும் செவுளை விட்டுட்டு கரையேறிடும். இது கடைசிவரை குட்டிப் பருவத்து உருவத்தோடயே தண்ணிக்குள்ள வாழ்ந்து முடிச்சிடும். நல்லா பார்த்துக்கிட்டா 10 முதல் 15 வருஷம் வரைக்கும் இருக்கும். சொந்த ஊர், மெக்சிகோ சிட்டியில இருக்கிற சோச்சிமில்கோ நீர்நிலைகள். 1998-ல அங்கே ஒரு சதுர கிலோமீட்டருக்கு சுமார் 6,000 இருந்தது, 2014 கணக்கெடுப்புல 36 ஆகிடுச்சு. மெக்சிகோவோட 50 பெசோ நோட்டுல படம் இருக்கு, ஏரியில ஆளைக் காணோம். அதனால உங்க டேங்க்ல இருக்கிறது சாதாரணப் பிராணி இல்லைங்கிறதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

இருவாழ்விகளோட தோல்ல செதில் கிடையாது, முடி கிடையாது. மெல்லிசா ஒரு வழவழப்புப் படலம்தான் மொத்தப் பாதுகாப்பும். அந்தத் தோல் வழியா தண்ணி உள்ளே போகும், ஆக்சிஜன் போகும், தண்ணியில கலந்திருக்கிற குளோரினும் அம்மோனியாவும்கூட போகும். டாக்டர்கள் இதையே சிகிச்சைக்கும் பயன்படுத்திக்கிறாங்க. இருவாழ்விக்கு மயக்க மருந்து கொடுக்கணும்னா பெரும்பாலும் ஊசி போட மாட்டாங்க. மருந்தைத் தண்ணியில கரைச்சு அதுல இருக்க விடுவாங்க. சில மருந்துகளைத் தோல் மேல சொட்டு சொட்டா விட்டாலே போதும்.

இப்போ யோசிங்க. மருந்து இவ்வளவு ஈஸியா உள்ளே போகுதுன்னா, தப்பான மருந்தும் அதே வேகத்துல போகும்ல? மீன் கடையில கொடுக்கிற பாட்டிலை ஆக்சலாட்டல் டேங்க்ல ஊத்தாதீங்கன்னு சொல்றது இதனாலதான். முக்கியமா, காப்பர் கலந்த மீன் மருந்துகள் இருவாழ்விகளுக்கு விஷம். 'உப்புத் தண்ணியில போடு', 'டீத்தூள் தண்ணியில போடு', 'ஃபிரிட்ஜுக்குள்ள வை'ன்னு யூடியூப்ல ஆயிரம் வைத்தியம் சொல்வாங்க. அளவு கொஞ்சம் மாறினாலும் அடி வாங்கப்போறது அந்தத் தோல்தான். டாக்டர் சொல்லாம எதையும் செய்ய வேணாம்.

எப்போ பயப்படணும்?

வளர்ந்த ஆக்சலாட்டல் ரெண்டு மூணு நாளைக்கு ஒருதடவைதான் சாப்பிடும். ஒரு வேளை சாப்பிடலைன்னு ராத்திரி தூங்காம இருக்க வேண்டாம். செவுள் முன்பக்கமா வளைஞ்சு நிக்கிறது, வால் நுனி கொக்கி மாதிரி சுருண்டிருக்கிறது, இதெல்லாம் 'எனக்கு இந்தத் தண்ணி ஒத்துக்கலை'ன்னு அது சொல்ற விதம். அப்போ முதல்ல தெர்மாமீட்டரையும் டெஸ்ட் கிட்டையும் எடுங்க. வெப்பநிலை 16 முதல் 18 டிகிரி செல்சியஸ்ல இருக்கணும். 24-ஐத் தாண்டினா ஆபத்து ஆரம்பம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமா இருக்கணும், நைட்ரேட் 20 பிபிஎம்முக்குள்ள இருக்கணும்.

இதுல ஏதாவது தப்பா இருந்தா, மூடி இருக்கிற ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவுல, குளோரின் நீக்கின குளிர்ச்சியான தண்ணியை நிரப்பி அதுக்கு மாத்துங்க. தினமும் முழுத் தண்ணியையும் மாத்தணும். பழைய தண்ணிக்கும் புதுத் தண்ணிக்கும் வெப்பநிலை ஒண்ணா இருக்கணும். மொட்டை மாடி சின்டெக்ஸ் டேங்க்ல இருந்து நேரா பிடிச்சு ஊத்தினீங்கன்னா கதை முடிஞ்சது. பல நேரங்கள்ல இந்தத் தண்ணி மாற்றமே பாதி வைத்தியம்.

ஆனா சில விஷயங்களுக்குக் காத்திருக்கக் கூடாது. வயிறு பந்து மாதிரி வீங்குறது, தலைகீழா மிதக்கிறது, கால்லயும் வயித்துலயும் ரத்தச் சிவப்பு, தோல் உரிஞ்சு தொங்குறது, ஆசனவாய் வழியா உள்ளுறுப்பு வெளியே தெரியறது... இதெல்லாம் அன்னிக்கே டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயங்கள். டேங்க்ல சின்னக் கூழாங்கல் போட்டிருந்து, சாப்பாட்டையும் நிறுத்திடுச்சுன்னா, கல்லை முழுங்கியிருக்க வாய்ப்பு அதிகம். வாயைத் திறந்து எதிர்ல இருக்கிறதை உறிஞ்சி இழுக்கிறதுதான் அது சாப்பிடுற ஸ்டைல். கல்லா புழுவான்னு அது பார்க்கிறதில்லை. இதுக்கு எக்ஸ்ரே தேவைப்படும்.

எந்த டாக்டர்?

நாய், பூனை பார்க்கிற எல்லா கிளினிக்கும் இதைப் பார்க்கும்னு நினைச்சுக் கிளம்பிடாதீங்க. 'எக்ஸாடிக் பெட்ஸ் பார்ப்பீங்களா'ன்னு கேட்டா, கிளி, முயல் பார்க்கிறவங்களும் ஆமான்னுதான் சொல்வாங்க. 'இருவாழ்வி பார்த்திருக்கீங்களா, ஆக்சலாட்டல் அல்லது தவளை' அப்படின்னு பெயரைச் சொல்லியே போன்ல கேளுங்க. சென்னையில இருக்கிறவங்க வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில விசாரிச்சுப் பார்க்கலாம். நூறு வருஷத்துக்கும் மேலான நிறுவனம், பக்கத்துல யார் பார்ப்பாங்கன்னாவது வழி தெரிய வாய்ப்பிருக்கு. முக்கியமா, இந்தத் தேடலை ஆக்சலாட்டல் நல்லா இருக்கும்போதே செஞ்சு நம்பரை சேவ் பண்ணி வெச்சுடுங்க. ராத்திரி பதினோரு மணிக்கு கூகுள் பண்ற நிலைமை வரக் கூடாது.

முதல்ல போட்டோ, வீடியோ, டெஸ்ட் ரிசல்ட் எல்லாத்தையும் அனுப்பிக் கேளுங்க. 'தண்ணியைச் சரி பண்ணிட்டு ரெண்டு நாள் பாருங்க'ன்னு டாக்டரே சொல்லலாம். தேவையில்லாத ஒரு பயணம் மிச்சம்.

பெட்டி ரெடியா?

போயே ஆகணும்னா, வெயிலுக்கு முன்னாடி காலை நேரத்து அப்பாயின்ட்மென்ட்டா கேளுங்க. அவசரம் இல்லாத செக்கப்புன்னா முந்தின நாள் சாப்பாடு வேண்டாம். பயணத்துல கழிவு போனா அந்தக் கொஞ்சத் தண்ணியில அம்மோனியா ஏறிடும்.

ஓரம் கூர்மை இல்லாத, மூடியில காத்துக்கு ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா எடுத்துக்கோங்க. அது உடம்பை வளைக்காம படுக்கிற நீளம் இருக்கணும், உடம்பு நல்லா மூழ்குற அளவுக்குத் தண்ணி இருந்தா போதும். விளிம்பு வரைக்கும் நிரப்பினா, ஆக்சிஜன் கரையறதுக்கு மேல காத்துக்கு இடமே இருக்காது. கல், செடி, பொம்மை எதுவும் உள்ளே வேண்டாம், குலுக்கல்ல மேல வந்து இடிக்கும். ரப்பர் பேண்ட் போட்ட கவர்தான் இருக்குன்னா, ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு கவர், மூணுல ஒரு பங்கு தண்ணி, மிச்சம் காத்து.

அந்த டப்பாவை ஒரு தெர்மாகோல் பெட்டிக்குள்ள வைங்க. மீன் மார்க்கெட்ல ஐஸோட வருதே, அதேதான். நல்லா கழுவி எடுத்துக்கோங்க, சோப்பு வேண்டாம். அரை லிட்டர் தண்ணி பாட்டிலை முந்தின நாள் ஃப்ரீசர்ல உறைய வெச்சு, துண்டுல சுத்தி, டப்பாவுக்கு வெளியே, பெட்டியோட ஓரத்துல வைங்க. ஐஸ் தண்ணிக்குள்ள விழக் கூடாது. சடார்னு குளிர்றதும் சூடாகுறது மாதிரியே அதிர்ச்சிதான். பெட்டிக்குள்ள இருட்டா இருக்கும், அதுவும் நல்லதுதான். ஆக்சலாட்டலுக்கு மூட இமை கிடையாது, வெளிச்சத்துல தவிக்கும்.

ஏன் சூட்டைப் பத்தியே திரும்பத் திரும்ப சொல்றேன்னா, 15 டிகிரியில ஒரு லிட்டர் தண்ணி சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடிச்சு வெச்சுக்கும். 30 டிகிரியில அது சுமார் 7.5 தான். தண்ணி சூடாக சூடாக ஆக்சிஜன் குறையுது, அதே நேரம் உடம்போட ஆக்சிஜன் தேவை கூடுது. அம்மோனியாவோட விஷமும் கூடுது. மூணு பக்கமும் அடி.

தூக்கும்போது வலையால வேண்டாம், செவுள் இழைகள் சிக்கிக் கிழியும். டப்பாவைத் தண்ணிக்குள்ள விட்டு, அது தானா உள்ளே வர்ற மாதிரி மெல்ல தள்ளுங்க. கையால தொட்டே ஆகணும்னா பவுடர் இல்லாத கையுறை போட்டு, டேங்க் தண்ணியில நனைச்சுட்டுத் தொடுங்க. சானிடைசர் போட்ட கை, சோப்பு வாசனை அடிக்கிற கை, ரெண்டும் கூடவே கூடாது.

தவளை வளர்க்கிறவங்களுக்கு வேற கணக்கு. மரத்தவளையையோ, தரையில வாழ்ற தவளையையோ தண்ணி நிரப்பின டப்பாவுல போட்டா, குலுக்கல்ல மூழ்கிடலாம். குளோரின் நீக்கின தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச வெள்ளை டிஷ்யூ பேப்பரை விரிச்சு, காத்து ஓட்டை போட்ட டப்பாவுல வெச்சா போதும்.

கையில இன்னும் ரெண்டு விஷயம். டேங்க் தண்ணி ஒரு சின்ன பாட்டில்ல தனியா, டாக்டர் டெஸ்ட் பண்ண. பதப்படுத்தின குளிர்ச்சியான தண்ணி ஒரு பெரிய கேன்ல, வழியில மாத்த வேண்டி வந்தா. டூவீலரைத் தவிர்த்துடுங்க. ஆட்டோவோ ஏசி காரோ எடுங்க, பெட்டியை மடியில வெச்சுக்கோங்க. காரை நிறுத்திட்டு 'அஞ்சே நிமிஷம்'னு டீ குடிக்கப் போகாதீங்க.

இன்னொண்ணு, பேப்பர் வேலை. ஆக்சலாட்டல், சைட்டீஸ் ஒப்பந்தத்தோட இரண்டாம் பட்டியல்ல இருக்கு. 2022-ல திருத்தப்பட்ட நம்ம வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம், 2024-ல வந்த விதிகள்படி, இந்தப் பட்டியல்ல இருக்கிற உயிரினங்களை வெச்சிருக்கிறவங்க பரிவேஷ் 2.0 தளத்துல பதிவு செய்யணும். புதுசா வாங்கினா 30 நாளுக்குள்ள. வெளியூருக்குக் கொண்டு போறீங்கன்னா அந்தப் பதிவு போன்ல இருக்கட்டும். இன்னும் வாங்கவே இல்லையா? அப்போ கடைக்காரர்கிட்ட ஆவணம் கேளுங்க, கூடவே சில்லர் விலையையும் கேட்டுட்டு முடிவெடுங்க. மின்விசிறி மாட்டினா தண்ணி ஒண்ணு ரெண்டு டிகிரி இறங்கும்தான். ஆனா சென்னை மாதிரி புழுக்கமான ஊர்ல அதை நம்பி மே மாசத்தைத் தாண்ட முடியாது. ஊட்டிக்காரங்க கொஞ்சம் நிம்மதியா இருக்கலாம்.

திரும்பி வந்த பிறகு

நேரா மெயின் டேங்க்ல விடாதீங்க. தனி டப்பாவுல வெச்சு, டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் பாருங்க. மூடின டப்பாவை அந்தத் தண்ணியில 20 நிமிஷம் மிதக்க விட்டு, வெப்பநிலை ஒண்ணானதும் மாத்துங்க. அப்புறம் கையை சோப்பு போட்டு நல்லா கழுவுங்க. இருவாழ்விகள் உடம்புல சால்மொனெல்லா பாக்டீரியா இருக்கலாம், சின்னப் பசங்க இருக்கிற வீட்டுல கூடுதல் கவனம் வேணும்.

அந்தப் பயணத் தண்ணியை மட்டும் வெளியே தோட்டத்துலயோ, பக்கத்து ஏரி, கால்வாய்லயோ கொட்டிடாதீங்க. கைட்ரிட் பூஞ்சைன்னு ஒண்ணு இருக்கு. தோல் வழியா இருவாழ்விகளைத் தாக்குற நோய். இதனால 501 இருவாழ்வி இனங்கள் குறைஞ்சிருக்கு, அதுல 90 இனங்கள் அழிஞ்சே போயிருக்கலாம்னு 2019-ல வந்த ஓர் ஆய்வு சொல்லுது. செல்லப் பிராணி வியாபாரம் வழியாவும் இது ஊர் ஊரா பரவியிருக்கு. அதே குடும்பத்துப் பூஞ்சை ஒண்ணு உள்ளே வந்துடும்னு பயந்து 2016-ல அமெரிக்கா 201 சாலமாண்டர் இனங்களை இறக்குமதி பண்ணவே தடை போட்டது. நம்ம பக்கத்துல மேற்குத் தொடர்ச்சி மலை இருக்கு, உலகத்துல வேற எங்கேயும் இல்லாத தவளைகள் அங்கே இருக்கு. அதனால அந்தத் தண்ணியில பிளீச் கலந்து நல்லா ஊற விட்டு, அதுக்கப்புறம் டாய்லெட்ல ஊத்துங்க. டப்பாவையும் பிளீச் தண்ணியில கழுவி, வாசனை சுத்தமா போற வரைக்கும் அலசி, வெயில்ல காய வெச்சு எடுத்து வைங்க. அடுத்த செக்கப்புக்கு அதே டப்பா போதும்.