பெட்டி சுமந்த ராஜா

இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸுக்குப் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. ஆசைநாயகிகளுக்குப் பிறந்தவர்களே பத்துக்கு மேல். பட்டத்து ராணி கேத்தரினுக்குத்தான் வாரிசு இல்லை. ஆகவே கிரீடம் தம்பி ஜேம்ஸுக்குப் போக வேண்டும். அவரோ கத்தோலிக்கராக மாறியவர். 1673க்குப் பிறகு அது ஊருக்கே தெரியும். புராட்டஸ்டன்ட் நாட்டுக்குக் கத்தோலிக்க ராஜாவா? ஜேம்ஸை விலக்கு என்றார்கள் விக்குகள். பிறப்புரிமையில் கை வைக்காதே என்றார்கள் டோரிகள்.

1678இல் டைட்டஸ் ஓட்ஸ் என்ற மகா புளுகர், அரசரைக் கொல்லக் கத்தோலிக்கர்கள் சதி செய்வதாகக் கதை கட்டினார். நாடு நம்பியது, குற்றமற்ற பலர் தூக்கில் தொங்கினார்கள். மறு ஆண்டு அச்சு உரிமச் சட்டம் காலாவதியாக, அச்சுக்கூடங்களைக் கேட்பாரில்லை. ஓவியர் ஃபிரான்சிஸ் பார்லோ அந்தச் சதிக் கதையைச் சீட்டுக்கட்டாகவே வரைந்து கொடுத்தார். ஓட்ஸின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த நீதிபதி காட்ஃப்ரேயின் கொலைக் காட்சியைக் கையில் விரித்துக்கொண்டு ஜனங்கள் சீட்டாடினார்கள்.

டோரிகளின் பேனா ரோஜர் லெஸ்ட்ரேஞ்ச். 1680இல் அவர் வெளியிட்ட படத்தில் அரசுத் திருச்சபையில் சேராத புராட்டஸ்டன்ட் மாற்றுச் சபையினர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ராஜ்யத்தைக் கவிழ்க்கத் திட்டம் போடுகிறார்கள். சார்லஸின் தந்தையின் தலையை வாங்கிய கூட்டம் திரும்பி வருகிறது என்று பொருள். விக்குகள் பதில் வாதத்தோடு நிற்கவில்லை. லெஸ்ட்ரேஞ்சை நாயாக வரைந்து விற்றார்கள்.

இதுவரை விளையாட்டு. 1681 மார்ச்சில் சார்லஸ், கொந்தளிக்கும் லண்டனை விட்டு ஆக்ஸ்ஃபோர்டில் நாடாளுமன்றத்தைக் கூட்டினார்; ஒரே வாரத்தில் கலைத்தும் விட்டார். அந்தச் சமயத்தில் கைமாறியது ஒரு படமும் பாட்டும். முன்பு நம்மூர்த் திருவிழாவில் பயாஸ்கோப் பெட்டிக்காரர் வருவாரே, அவரைப் போலச் சார்லஸே முதுகில் பெட்டியோடு நடக்கிறார். பெட்டிக்குள் நாடாளுமன்றம். அந்த ஆளுக்கு இரண்டு முகம். ஒன்று புராட்டஸ்டன்ட், மற்றது கத்தோலிக்கம் என்று புரிந்துகொள்ள எழுத்தறிவு தேவையில்லை. இன்னொரு பக்கம் அதே ஆளை ஜனங்கள் சேற்றில் இழுத்துத் தள்ளுகிறார்கள்.

அரசரையே இழுத்துத் தள்ளுவதா? பழி ஸ்டீபன் காலேஜ் என்ற தச்சர்மேல் விழுந்தது. நல்ல வேலைக்காரர், வாய்த்துடுக்கு அதிகம். ‘புராட்டஸ்டன்ட் தச்சர்’ என்றே பெயர். குற்றச்சாட்டு, ஆக்ஸ்ஃபோர்டில் அரசரைச் சிறைபிடிக்கத் திட்டமிட்டார் என்ற ராஜத்துரோகம். லண்டனில் ஜூரர்களைப் பொறுக்கியவர்கள் விக் ஷெரீஃபுகள். வழக்கு நிற்காது என்று ஜூரி கைவிரித்தது. அரசு சளைக்கவில்லை. வழக்கை ஆக்ஸ்ஃபோர்டுக்கு மாற்றி வேறு ஜூரியைப் பிடித்தது.

அந்த விசாரணையைப் படித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. சாட்சிகளில் ஒருவர் ஸ்டீபன் டக்டேல். நேற்றுவரை கத்தோலிக்கர்களைத் தூக்குமேடைக்கு அனுப்பப் பொய் சொன்னவர், இன்று புராட்டஸ்டன்ட் தச்சருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். அவர் புளுகர் என்று காலேஜுக்காகக் கூண்டேறிச் சொன்னவர் யார் தெரியுமா? அதே டைட்டஸ் ஓட்ஸ்! பெட்டிக்காரப் படமும் சாட்சியமாக நீதிமன்றத்தில் காட்டப்பட்டது. தாம் அதை வரையவில்லை என்று காலேஜ் மறுத்தார். பலனில்லை. ஆகஸ்ட் 31 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

இரண்டு முகம் என்றது பொய்யும் அல்ல. 1685இல் மரணப் படுக்கையில் சார்லஸ் ரகசியமாகக் கத்தோலிக்கரானார். ஜேம்ஸ் எதிர்ப்பின்றி அரியணை ஏறினார்.

1688 ஜூன் 10 அன்று அவருக்கு ஒரு மகன் பிறந்தபோதுதான் படம் செதுக்கும் செப்புத் தகடுகளுக்கு மறுபடி வேலை வந்தது. அது ராணியின் பிள்ளையே அல்ல. படுக்கையைச் சூடாக்கும் கணப்புச் சட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த மாவு மில்காரர் பிள்ளை என்று கிளம்பியது வதந்தி. படங்களில் குழந்தையின் கையில் காற்றாலை பொம்மை. தொட்டிலருகே ஜேம்ஸின் யேசு சபை ஆலோசகரான பாதிரியார் பீட்டர். ஜேம்ஸ் நாற்பதுக்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கூட்டிப் பிரசவத்தை நிரூபிக்க வேண்டிய நிலை வந்தது. இதில் எல்லாரையும்விட மும்முரமாக உளி பிடித்த ஹாலந்துக்காரர் ரொமேன் டெ ஹூக்கை அடுத்த வாரம் சந்திப்போம்.

(தொடரும்)