வேலைக்குச் செல்லும் வழியும் வரிச் சலுகையும்

கூலி என்பது மாத முடிவிலே கையில் எண்ணித் தரப்படும் பணம் மட்டுமன்று. தொழில் கொள்வோர் அளிக்கும் உணவும், உறையுளும், வாகனம் நிறுத்தும் இடமுங்கூடக் கூலியின் கூறுகளே. அவற்றுள் எதற்கு வரி விதிப்பது, எதற்கு விலக்களிப்பது என்று அரசாங்கம் செய்யும் தீர்மானம் மக்களின் அன்றாட வழக்கத்தையே மாற்ற வல்லது. ஐக்கிய அமெரிக்காவின் பிரயாணச் சலுகைச் சட்டம் இதற்குத் தக்க சான்றாகும்.

அந்நாட்டிலே வேலைக்குச் செல்வோருள் பெரும்பாலார் தத்தம் காரைத் தனியே ஓட்டிச் செல்பவர். 2019 ஆம் ஆண்டிலே நூற்றுக்கு ஏறக்குறைய 76 பேர் இவ்வாறு சென்றனர். பஸ், புகையிரதம் முதலிய பொது வாகனங்களை நாடியோர் நூற்றுக்கு 5 பேரே. வீதி நெரிசலும், நச்சுப் புகையும், நகரின் நடுவே வெறுமனே கார் நிற்பதற்கென ஒதுக்கப்பட்ட பெருநிலங்களும் இதன் விளைவுகள்.

இவ்வழக்கம் வேரூன்றுதற்கு வரிச் சட்டமும் ஒரு காலத்தில் துணை நின்றது. தொழில் கொள்வோர் கார் நிறுத்த இலவசமாக இடம் அளித்தால், அதன் பெறுமதி எவ்வளவாயினும் வரி இல்லை. பஸ் சீட்டு வாங்கிக் கொடுத்தாலோ, 1980களின் நடுப்பகுதியில் மாதம் 15 டொலர் வரையிலேயே விலக்குக் கிடைத்தது. 1991 இல் அது 21 டொலராயிற்று. அவ்வெல்லையைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி உண்டு. காருடையவனுக்கு ஒரு நீதி, பஸ்ஸில் நின்று செல்பவனுக்கு வேறொரு நீதி என்னும் நிலை அது.

இக்கோணலை நிமிர்த்தப் பல ஆண்டுகள் சென்றன. 1992 ஆம் ஆண்டுச் சட்டம் பொது வாகனச் சீட்டுக்கு மாதம் 60 டொலரும், கார்த் தரிப்பிடத்துக்கு 155 டொலரும் எல்லையாக விதித்தது. 2009 இல் இரண்டும் 230 டொலராகச் சமமாக்கப்பட்டன. அச்சமத்துவம் பின்னர் இடையிடையே காலாவதியாகி, 2015 டிசெம்பரிலேயே நிலைபேறடைந்தது. 2025 ஆம் ஆண்டுக்கு ஒவ்வொன்றுக்கும் உரிய எல்லை மாதம் 325 டொலராக இருந்தது.

சலுகை இரு வழிகளிற் கிடைக்கும். தொழில் கொள்வோர் தம் பணத்திற் சீட்டு வழங்கலாம். அன்றேல், 1998 ஆம் ஆண்டின் திருத்தத்துக்கு அமைய, ஊழியர் தம் சம்பளத்தில் ஒரு பகுதியை வரி கழிக்கப்படுமுன் அதற்கென ஒதுக்கலாம். குறைந்தது ஆறு பயணிகளுக்கு இடமுள்ள வண்டியிற் பலர் கூடிச் செல்லும் செலவுக்கும் இவ்விலக்கு உண்டு. துவிச்சக்கர வண்டியோட்டிகள் 2009 முதல் மாதம் 20 டொலர் வரை பெற்ற சிறு சலுகையோ, 2018 இல் நிறுத்தப்பட்டு, 2025 ஆம் ஆண்டுச் சட்டத்தால் முற்றாக நீக்கப்பட்டது.

ஓர் உதாரணத்தால் இதன் பயனை நேயர்கள் எளிதில் உணரலாம். ஒருவர் மாதச் சீட்டுக்கு 100 டொலர் ஒதுக்குகிறார். ஆண்டுக்கு 1,200 டொலர். அவர் 22 சதவீத வருமான வரிப் படியில் உள்ளவராயின், சமூகப் பாதுகாப்பு, முதியோர் மருத்துவக் காப்புறுதி ஆகியவற்றுக்குரிய 7.65 சதவீதத்தையுஞ் சேர்த்து, 355 டொலர் 80 சதம் மிச்சம். 12 சதவீதப் படியில் உள்ளவருக்கு 235 டொலர் 80 சதம். வருமான வரி செலுத்துமளவு ஊதியம் பெறாத ஏழைத் தொழிலாளிக்கோ 91 டொலர் 80 சதமே. சீட்டின் விலை மூவருக்கும் ஒன்று. உதவி மிக வேண்டியவனுக்கே மிகக் குறைவாகக் கிட்டுகிறது. வரி விலக்கின் வழியாகச் செய்யப்படும் உதவிகள் பலவற்றுக்கும் உரிய குறை இது.

மேலும், தொழில் கொள்வோர் முன்வந்தாலன்றி ஊழியருக்கு இச்சலுகை இல்லை. ஆகவேதான் சான் பிரான்சிஸ்கோ நகரம் 2009 முதலும், நியூயோர்க் நகரம் 2016 முதலும், 20 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் தாபனங்கள் இதனை வழங்க வேண்டுமென விதித்தன.

இலவசத் தரிப்பிடத்தின் கவர்ச்சி மட்டும் குறையவில்லை. அதற்கு மாற்று வழியொன்றைக் கலிபோர்னியா மாநிலம் 1992 இற் சட்டமாக்கியது. தொழில் கொள்வோர் வாடகைக்கு எடுத்துத் தரும் தரிப்பிடத்தை வேண்டாமென்று விடுக்கும் ஊழியருக்கு அதன் செலவைப் பணமாக அளிக்க வேண்டும் என்பதே அவ்வழி. பேராசிரியர் டொனால்ட் ஷூப் எட்டுத் தாபனங்களில் இதன் பலனை ஆராய்ந்து 1997 இல் வெளியிட்டார். தனியே காரோட்டி வந்தோர் நூற்றுக்கு 76 இலிருந்து 63 ஆகக் குறைந்திருந்தனர். எவரையும் எவரும் தடுக்கவில்லை. இலவசம் என்று எண்ணிய இடத்துக்கும் ஒரு விலை உண்டென்பது கண்ணுக்குத் தெரிந்ததே போதுமானதாயிற்று.

பஸ்ஸுக்கும் காருக்கும் ஒரே சலுகை அளிப்பது நீதியின் முதற்படி. ஆயின், காரை நிறுத்துவதற்கும், காரை விடுப்பதற்கும் ஒரே தொகை என்று ஒரே சட்டம் கூறுமிடத்து, பழகிய வழியிலேயே மக்கள் செல்வதில் வியப்பில்லை. வழக்கத்தை மாற்ற விரும்பும் அரசு, எதனை ஊக்குவிக்கிறது என்பதோடு, எதனை ஊக்குவியாது விடுகிறது என்பதையுந் துணிதல் வேண்டும்.