பாசி வளர்த்தால் என்ன கிடைக்கும்?

திட்டக்குடியிலிருந்து வெள்ளாற்றைத் தாண்டித் தெற்கே போனால் அரியலூர்ப் பக்கத்துச் சிமென்ட் ஆலைகள். கிழக்கே விருத்தாசலம் கடந்தால் நெய்வேலி அனல்மின் நிலையங்கள். இரண்டு பக்கமும் புகைபோக்கி, நடுவில் வெயிலுக்குக் குறைவில்லாத நிலம். ஆலைப் புகையிலுள்ள கரியமில வாயுவைப் பாசிக்கு ஊட்டி, அந்தப் பாசியிலிருந்து டீசல் எடுத்தால் என்ன என்று இந்தப் பக்கத்து இளைஞர் ஒருவர் கேட்டால் அதில் வியப்பில்லை. நல்ல கேள்விதான். அரை நூற்றாண்டாக உலகம் பணத்தைக் கொட்டி இதற்கு விடை தேடியிருக்கிறது. கிடைத்த விடை புரிய, முதலில் தொட்டிக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் வியாபாரமாக நிலைத்துவிட்ட நுண்பாசி சுருள்பாசி. கடையில் ஸ்பைருலினா என்று கேட்டால் கொடுப்பார்கள். சரியாகச் சொன்னால் இது தாவரமே அல்ல. செடிகளைப்போல ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிர், நீலப்பச்சைப்பாசி இனம். இந்த இனங்களை ஆராய்ந்ததில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தியப் பாசியியலின் முன்னோடி எம்.ஓ.பி. அய்யங்கார் பணியாற்றியது அங்கேதான். அவர் மாணவர் டி.வி. தேசிகாச்சாரி 1959இல் நீலப்பச்சைப்பாசிகளைப் பற்றி எழுதிய ‘சயனோஃபைட்டா’ நூலை உலகெங்கும் ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். கடல்வாழ் நீலப்பச்சைப்பாசிகளைச் சேகரித்துக் காக்கும் தேசிய மையம் ஒன்று திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

சுருள்பாசித் தொட்டி பார்ப்பதற்கு எளிமையானது. சிமென்ட் தொட்டியோ தார்ப்பாய் விரித்த குழியோ போதும்; ஒரு சாண் ஆழத்துக்குத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் சமையல் சோடாவை லிட்டருக்கு 8 முதல் 16 கிராம் வரை கரைக்கிறார்கள். கூடவே உப்பு, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, துளி இரும்பு. தண்ணீரின் பி.எச். அளவு 10ஐ ஒட்டி நிற்கும். அவ்வளவு காரத்தில் வேறு பாசிகளும் கிருமிகளும் பெரும்பாலும் பிழைக்காது, சுருள்பாசி செழிக்கும். திறந்தவெளித் தொட்டியில் களை எடுக்காமல் ஒரே பயிரை வளர்க்க முடிவது இதனால்தான். சோடா இன்னொரு வேலையும் செய்கிறது. காற்றிலிருக்கும் கரியமில வாயு பாசியின் பசிக்கு ஈடாகத் தண்ணீரில் கரைவதில்லை. சோடாவில் அடங்கியிருக்கும் கரிமம்தான் பாசிக்கு முதல் சாப்பாடு.

பாசிக்கு 35 டிகிரி வெப்பம் இதமானது. கலக்கிவிடாமல் விட்டால் இழைகள் மேலே மிதந்து ஏடு கட்டி, வெயிலில் வெந்துபோகும். சின்னத் தொட்டியில் துடைப்பத்தால் நாளுக்குப் பல முறை துழாவுவார்கள். பெரிய பண்ணைகளில் ஓட்டப்பந்தயத் தடம்போல வளைந்த வாய்க்காலில் துடுப்புச் சக்கரம் தண்ணீரை ஓட்டிக்கொண்டே இருக்கும். அறுவடைக்குப் பதமா என்று பார்க்கிற முறை எனக்கு மிகவும் பிடித்தது. குச்சி முனையில் பொருத்திய வெள்ளை வட்டை மெல்லத் தண்ணீரில் இறக்குவார்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்குவதற்குள் வட்டு கண்ணுக்கு மறைந்துவிட்டால் பாசி முற்றியிருக்கிறது.

பிறகு பச்சைத் தண்ணீரை நுண்துளைத் துணியில் வடிகட்டுகிறார்கள். வடிந்த தண்ணீர் திரும்பத் தொட்டிக்கே போகும். துணியில் தங்கிய கூழை அழுத்திப் பிழிந்து, இடியாப்ப அச்சில் போட்டுத் தட்டில் நூல் நூலாகப் பிழிவார்கள். 60 டிகிரிக்கு மேல் போகாத சூட்டில் உலர்த்தினால், தொட்டவுடன் முறியும் கரும்பச்சைக் குச்சிகள். அரைத்தால் மாவு. எடையில் பாதிக்கு மேல் புரதம்.

இதில் கவனிக்க வேண்டியது தண்ணீரின் கணக்கு. நன்றாக வளர்ந்த தொட்டியில்கூட ஒரு லிட்டரில் உலர்ந்த பாசி அரை கிராமிலிருந்து ஒரு கிராம்தான். ஒரு கிலோ மாவுக்கு ஆயிரம், இரண்டாயிரம் லிட்டர் தண்ணீரை வடிகட்ட வேண்டும். சுருள்பாசி நீண்ட இழை என்பதால் துணி போதும். குளோரெல்லா போன்ற பாசிகள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இருக்காத உருண்டைகள், துணியில் நழுவிவிடும். அவற்றைப் பிரிக்க வேகமாகச் சுழலும் மையவிலக்கு இயந்திரமும் அதற்கு மின்சாரமும் வேண்டும். வளர்ப்பது எளிது, பிரிப்பதுதான் செலவு. பாசித் தொழில் முழுவதையும் இந்த ஒன்று ஆட்டிவைக்கிறது.

தமிழ்நாட்டில் இதை மக்களுக்கான உணவாகப் பார்த்தவர் வேதிப் பொறியியலாளர் சி.வி. சேஷாத்ரி. அவர் தலைமையில் சென்னை முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையம், கிராமத்துப் பெண்கள் மண்பானையிலேயே சுருள்பாசி வளர்க்கும் முறைகளை உருவாக்கியது. பள்ளி வயதை எட்டாத 5,000 கிராமக் குழந்தைகளுக்கு நாளுக்கு ஒரு கிராம் கொடுத்துப் பார்த்தார்கள். வைட்டமின் ஏ குறைபாட்டால் கண்ணில் தோன்றும் பிட்டாட் புள்ளிகள் வெகுவாகக் குறைந்ததை 1993இல் வெளியான அறிக்கை சொல்கிறது. அதே முருகப்பா குழுமத்தைச் சேர்ந்த பாரி நிறுவனத்துக்குப் புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் சுமார் 130 ஏக்கரில் பாசிப் பண்ணை இருக்கிறது. அங்கே விளைவது வெளிநாடுகளுக்கும் போகிறது. மண்பானையில் தொடங்கிய வேலை ஏற்றுமதிப் பண்ணை வரை வளர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பானை வழி அதே அளவுக்குப் பரவாதது பெரிய இழப்பு. அங்கன்வாடிக் குழந்தையின் தட்டுக்குத்தான் இந்தப் பாசி முதலில் தேவை.

மாவைவிட விலை போவது நிறம். சுருள்பாசியின் நீலச்சாயமான ஃபைக்கோசயனின் மிட்டாய்க்கும் ஐஸ்கிரீமுக்கும் இயற்கை நீலம் தருகிறது. 2013இல் அமெரிக்கா இதற்கு உணவு நிறமாக அனுமதி அளித்தது. ஹீமட்டோகாக்கஸ் என்ற இன்னொரு பாசி, சத்தில்லாமலும் கடும் வெளிச்சத்திலும் வாட்டினால் பச்சையிலிருந்து செந்நிறத்துக்கு மாறும். அந்தச் சிவப்பு அஸ்டாக்சாந்தின். பண்ணை சால்மன் மீனின் சதைக்கு நிறமூட்டவும், ஊட்டச்சத்து மாத்திரைக்கும் அதை வாங்குகிறார்கள்.

எரிபொருளுக்கு வருவோம். எண்ணெய் நெருக்கடியை அடுத்து, அமெரிக்க அரசு 1978 முதல் 1996 வரை பாசி டீசல் ஆராய்ச்சி நடத்தியது. சுமார் 3,000 பாசி வகைகளைச் சேகரித்துச் சலித்தார்கள். பாசியில் எண்ணெய் இருக்கிறது, ஆனால் பெட்ரோலிய விலையோடு போட்டியிட முடியாது என்பதே முடிவு. 2009இல் எக்ஸான்மொபில் 60 கோடி டாலர் வரை செலவிடுவதாக அறிவித்து இறங்கியது, 2023இல் விலகிக்கொண்டது. நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. 2010இல் சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த சீ6 எனர்ஜி, கடற்பாசியிலிருந்து எரிபொருள் எடுக்கும் நோக்கத்தோடு தொடங்கியது. பிறகு அதே கடற்பாசியிலிருந்து பயிர் ஊக்கிகள் தயாரித்து விற்கும் வழிக்கு வந்தது.

காரணம் பாசியின் இயல்பிலேயே இருக்கிறது. நிறைய எண்ணெய் சேர வேண்டுமானால் தழைச்சத்தை நிறுத்திப் பாசியைப் பட்டினி போட வேண்டும். பட்டினி போட்டால் வளர்ச்சி நின்றுவிடும். இரண்டும் சேர்ந்து கிடைப்பதில்லை. அதற்கு மேல் அந்த வடிகட்டும் செலவு.

நெய்வேலிப் புகைக்கும் ஒரு கணக்குப் போடலாம். ஒரு கிலோ உலர்ந்த பாசி உருவாகச் சுமார் 1.8 கிலோ கரியமில வாயு வேண்டும். நல்ல குளத்தில் சதுர மீட்டருக்கு நாளுக்கு 10 கிராம் விளைச்சல் என்றால், ஓர் ஏக்கர் 40 கிலோ பாசி தரும்; 73 கிலோ வாயுவைப் பிடிக்கும். புதிய நெய்வேலி அனல்மின் நிலையத்தில் 500 மெகாவாட் அலகுகள் இரண்டு. ஓர் அலகு முழு வேகத்தில் ஓடினால் ஒரு நாளைக்கு 1.2 கோடி யூனிட். யூனிட்டுக்கு ஒரு கிலோ வாயு என்று குறைத்தே வைத்தாலும் 12,000 டன். அதைப் பிடிக்க 1.6 லட்சம் ஏக்கர் குளம் வேண்டும். திட்டக்குடிக்காரர்களுக்குத் தெரிந்த அளவில் சொன்னால், வெலிங்டன் ஏரிப் பாசனப் பரப்பு சுமார் 24,000 ஏக்கர். அதைப்போல ஏழு மடங்குக்குக் கிட்ட, அதுவும் ஒரே ஓர் அலகுக்கு. பிடித்த கரிமமும் தங்காது. பாசியைத் தின்றாலும் எரித்தாலும் திரும்பக் காற்றுக்கே போகும். புகையிலிருந்து வாயுவைப் பிடிக்கும் ஆலை நம் மாநிலத்தில் இல்லாமலில்லை: தூத்துக்குடி ஆல்கலி ஆலை 2016இல் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைப் பிடிக்கும் அமைப்பை நிறுவி, அதைச் சோடா சாம்பலாக்கத் தொடங்கியது. அங்கே வேலை செய்வது வேதிக்கரைசல், பாசி அல்ல.

புகையில் வளர்த்த பாசியையே உணவாக விற்று ஈடுகட்டலாமே என்றால், நிலக்கரிப் புகையில் பாதரசம் போன்ற கன உலோகங்கள் உண்டு, பாசி அவற்றை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உணவுப் பாசிக்கும் புகைப் பாசிக்கும் ஒரே தொட்டி ஆகாது.

ஆகவே இந்தப் பக்கத்தில் யாராவது தொடங்குவதானால் டீசலை மறந்துவிட்டு, சின்னத் தொட்டியில் உணவுப் பாசியாகத் தொடங்குவதுதான் என் யோசனை. வாங்குகிற ஆளை முதலில் பிடித்துவிட்டுத் தொட்டி கட்டுங்கள். கத்திரி வெயிலுக்கு நிழல்வலை அவசியம். தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டினால் பாசி வெளுத்துச் சாகும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை முன்கூட்டியே பரிசோதிக்க வேண்டும். தாய்ப்பாசியை நம்பகமான ஆய்வகத்திலிருந்தோ பண்ணையிலிருந்தோ வாங்க வேண்டும். ஏரி குளத்தில் மிதக்கும் பச்சை ஏட்டை அள்ளி வந்து வளர்க்கவே கூடாது; அதில் கல்லீரலைத் தாக்கும் நச்சைச் சுரக்கும் மைக்ரோசிஸ்டிஸ் இருக்கலாம். சாப்பிடுகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சுருள்பாசியில் இருப்பதாகச் சொல்லப்படும் பி12இல் பெரும்பகுதி நம் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். பி12 குறைபாடு உள்ள சைவக்காரர்கள் இந்த மாவை நம்பி மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது.