பியானோவை ஏன் 100% சரியாக ட்யூன் பண்ண முடியாது?

இப்போதுதான் ட்யூன் செய்த பியானோவிலும் சுருதி கொஞ்சம் விலகித்தான் இருக்கும். ட்யூனர் மேல் தப்பில்லை, கணக்கே அப்படி!

ச-ப சுத்தமாகச் சேர, அதிர்வெண்கள் 2:3 விகிதத்தில் இருக்கணும். இப்படியே 12 பஞ்சமம் ஏறினால், 7 ஆக்டேவ் தாண்டி ஆரம்பித்த சுரத்துக்கே வரணும். ஆனால் சுமார் 23.5 சென்ட் எகிறிவிடும். பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு நடுவே இருப்பதே 100 சென்ட்தான்.

இந்த மிச்சத்தை எங்கே வைப்பது? அந்த ஏற்பாடுதான் 'டெம்பரமென்ட்'.

ஈக்வல்: இன்று வழக்கத்தில் இருப்பது. மிச்சத்தை 12 பஞ்சமங்களுக்கும் சமமாகப் பிரிக்கும். எந்த ஸ்கேலும் ஓகே. ஆனால் எல்லா ஸ்கேலிலும் அந்தர காந்தாரம் சுமார் 14 சென்ட் கூடுதல்.

மீன்டோன்: பழைய ஐரோப்பிய முறை. பல ஸ்கேல்களில் காந்தாரம் சுத்தம். பதிலுக்கு ஒரு பஞ்சமம் மட்டும் ஊளையிடும். அதன் பெயரே 'உல்ஃப்', அதாவது ஓநாய்!

வெர்க்மைஸ்டர்: 1691-ல் வெளியான நடுவழி. எல்லா ஸ்கேலிலும் வாசிக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனி குணம். பாக் 1722-ல் 24 ஸ்கேல்களுக்கும் தொகுத்த 'வெல்-டெம்பர்ட் கிளேவியர்' எந்த ட்யூனிங்குக்கானது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

நீங்களும் கேட்கலாம்: பல டிஜிட்டல் பியானோக்களின் செட்டிங்ஸில் வெர்க்மைஸ்டர் இருக்கிறது. அதில் முதலில் சி மேஜர் கார்டு, அடுத்து எஃப் ஷார்ப் மேஜர் வாசித்துப் பாருங்க. முதலாவது சாந்தமாக இருக்கும், அடுத்தது கூர்மையாக உரசும். ஈக்வலில் இந்த வித்தியாசம் கிடையாது. எல்லா ஸ்கேலையும் சமமாக்கியதில் நாம் விட்டுக்கொடுத்தது அதைத்தான்.