கல்லீரல்வரை போகும் நாக்குப்பூச்சி

“பூச்சித் தொல்லைதானே, ஒரு மாத்திரை போட்டால் சரியாகிவிடும்” என்று வயிற்றுவலியை அலட்சியமாக விட்டுவிடும் வீடுகள் ஏராளம். பெரும்பாலும் சரியாகவும் போய்விடுகிறது. ஆனால் அந்தப் புழு குடலோடு நிற்காமல் பித்தக்குழாய்க்குள் ஏறினால், மஞ்சள் காமாலையிலும் கல்லீரல் சீழ்க்கட்டியிலும் கொண்டுபோய் விடும். இதை விரிவாகப் பதிவு செய்தவர்கள் காஷ்மீர் மருத்துவர்கள்.

ஹெபடைடிஸ் ஈ என்று இன்று அறியப்படும் காமாலை 1978-ல் காஷ்மீரில் பரவியபோது அதை ஆராய்ந்த மருத்துவர் முகமது சுல்தான் குரூ, நாக்குப்பூச்சியின் பக்கமும் கவனத்தைத் திருப்பினார். அவரும் சக மருத்துவர்களும் 1990-ல் ‘லான்செட்’ இதழில் 500 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் 280 பேர் பித்தக்குழாய் வலியோடு வந்தவர்கள். 121 பேருக்குப் பித்தக்குழாயில் கிருமித்தொற்று, 64 பேருக்குப் பித்தப்பை அழற்சி, 31 பேருக்குக் கணைய அழற்சி, 4 பேருக்குக் கல்லீரலில் சீழ்க்கட்டி. எல்லாவற்றுக்கும் காரணம், மலம் கலந்த மண்ணிலிருந்து வாய்க்குள் போகும் நாக்குப்பூச்சி, அதாவது உருண்டைப்புழுதான்.

எப்படிப் போகிறது?

பெண் புழு ஒரு நாளைக்குச் சுமார் 2 லட்சம் முட்டைகள் இடும். மலத்தோடு வெளியேறும் முட்டைகள் ஈர மண்ணில் சில வாரங்களில் முதிர்ந்து, கழுவாத கையாலும் காய்கறியாலும் நம் வாய்க்கு வருகின்றன. குடலில் பொரியும் இளம்புழு, ரத்தத்தின் வழியே கல்லீரலைக் கடந்து நுரையீரலுக்குப் போகும். அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, மீண்டும் சிறுகுடலுக்கு வந்து 15 முதல் 35 சென்டிமீட்டர்வரை வளரும்.

வளர்ந்த புழு ஓரிடத்தில் கிடப்பதில்லை. சிறுகுடலின் தொடக்கத்தில் பித்தநீர் வந்து விழும் சிறு துவாரம் இருக்கிறது. புழு நிறைய சேர்ந்த குடலில் சில புழுக்கள் அதற்குள் நுழைந்துவிடும். பித்தப்பையை அகற்றியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த ஆபத்து அதிகம். புழு வழியை அடைத்தால் பித்தநீர் தேங்கும். புழு சுமந்து வந்த குடல் கிருமிகள் அங்கே பெருகும். உள்ளேயே செத்த புழுவின் துண்டுகளையும் முட்டைகளையும் சுற்றிக் கற்கள் படியும்.

எப்போது உஷாராக வேண்டும்?

வலது விலாவுக்குக் கீழே விட்டுவிட்டுப் பிடித்து இழுக்கும் கடும் வலி, வாந்தி, குளிர்ஜுரம், கண்ணில் மஞ்சள் ஆகியவை தெரிந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். அந்த நேரத்தில் பூச்சி மாத்திரையை நீங்களாக விழுங்குவதும் வேண்டாம். குழாய்க்குள் சிக்கிய புழுவை அது வெளியே இழுத்துவிடாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் புழு நெளிவதையே மருத்துவரால் பார்க்க முடியும். வாய்வழி உணவை நிறுத்தி, குளுக்கோஸ் ஏற்றி, வலிக்கும் தொற்றுக்கும் மருந்து கொடுத்தால் பெரும்பாலோருக்குப் புழு தானாகக் குடலுக்குத் திரும்பிவிடும். திரும்பாவிட்டால் எண்டோஸ்கோப்பி மூலம் எடுப்பார்கள். அறுவை சிகிச்சை சிலருக்கே தேவைப்படும்.

மாத்திரை மட்டும் போதுமா?

2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயதுவரை உள்ளவர்களுக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் என்ற பூச்சி மருந்து இலவசமாகத் தரப்படுகிறது. இரண்டு வயதுக்கு மேல் 400 மில்லிகிராம் மாத்திரை. அதற்குக் கீழே பாதி. தயங்காமல் கொடுங்கள். கர்ப்பிணிகள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

ஆனால் மாத்திரை குடலில் உள்ள புழுவைத்தான் கொல்லும். மண்ணில் கிடக்கும் முட்டையைத் தொடாது. அந்த முட்டைகள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கக் கூடியவை. திறந்தவெளியில் மலம் கழிப்பது தொடரும் ஊரில், மாத்திரை சாப்பிட்ட பிள்ளைக்குச் சில மாதங்களிலேயே மறுபடி புழு வரும்.

கழிப்பறையைக் கட்டினால் போதாது, எல்லோரும் அதைப் பயன்படுத்த வேண்டும். சாப்பிடும் முன்பும் கழிப்பறை போய்வந்த பின்பும் சோப்பால் கை கழுவுங்கள். பச்சையாகச் சாப்பிடும் காய்கறியை ஓடும் நீரில் அலசுங்கள். குழந்தையின் மலத்தைக் கண்ட இடத்தில் வீசாதீர்கள். பள்ளியில் மாத்திரை தரும் நாளில் பிள்ளையைத் தவறாமல் அனுப்பிவையுங்கள்.