சாமைச் சோற்றுக்கும் அளவு உண்டு

"மேனேஜர் சார், சாமை சாப்பிட்டா சுகர் ஏறாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

போன மாசி மாதம் வாணியம்பாடியில், ஞாயிறுதோறும் நாங்கள் விளைபொருள் வைத்து விற்கிற இடத்தில், ஒருவர் என்னைக் கேட்ட கேள்வி இது. முப்பது வருடம் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நான் வங்கியில் இருந்த காலத்திலிருந்தே பழக்கம். மாதம் தவறாமல் ஐந்து கிலோ சாமை வாங்குவார். அன்று கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு. சாப்பிட்ட பின் சர்க்கரை 310. இடது கால் கட்டை விரலில் ஒரு புண், மூன்று வாரமாக ஆறவில்லை.

"எவ்வளவு சாப்பிடறீங்க?" என்று கேட்டேன்.

"மூணு வேளையும் அதான் சார். அரிசியைத் தொடறதே இல்ல. நல்லதுதானேன்னு வயிறு முட்ட சாப்பிடறேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. 'சர்க்கரை உள்ளவர்கள் பயமின்றிச் சாப்பிடலாம்' என்று என் கையாலேயே எழுதிய அட்டை அவர் கண் முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கும் சர்க்கரை உண்டு. என் தட்டில் சாமையின் அளவைக் குறைத்து அப்போதே ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் அட்டையை மட்டும் நான் மாற்றவில்லை. மாற்றினால் விற்பனை குறையுமே என்கிற எண்ணம்தான். வேறு காரணம் சொன்னால் பொய்.

முதலில் காலை மருத்துவரிடம் காட்டச் சொல்லி அவரை அனுப்பிவைத்தேன். அட்டையைக் கழற்றினேன். இந்தக் கட்டுரை அந்த அட்டைக்கான திருத்தம்.

தானியம் மாறியது, கணக்கு மாறவில்லை

ஆலங்காயத்திலிருந்து காவலூர் வானோக்கு மையத்துக்குப் போகிற பக்கம், ஜவ்வாது மலையடிவாரத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம். பெரும்பகுதி மானாவாரி. 2018-இல் பணி ஓய்வு பெற்ற பிறகுதான் முழுநேரமாக இறங்கினேன். சர்க்கரை நோய் 2011-இலேயே வந்துவிட்டது. சொந்தச் சாமை வீட்டுக்கு வந்ததும் அரிசியை நிறுத்தினேன். பொங்கல், உப்புமா, சோறு, இரவில் கேழ்வரகுக் களி. இரண்டு வருடம் அப்படித்தான். மூன்று மாதச் சராசரி சர்க்கரை 8.8-இல் இருந்தது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் 8.5.

நஞ்சில்லாத சாமை, தவிடு போகாத சாமை, நானே விதைத்து நானே அறுத்தது. ஏன் இறங்கவில்லை? வங்கியில் கணக்கு 'டேலி' ஆகாமல் வீட்டுக்குப் போகிற பழக்கம் எனக்கு இல்லை. சமையல் தராசு ஒன்று வாங்கினேன். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டேன்.

சமைக்காத தானியம் 100 கிராமில் உள்ள மாவுச்சத்து: தீட்டிய அரிசியில் சுமார் 78 கிராம், கேழ்வரகில் 67, வரகில் 66, சாமையில் 65. வித்தியாசம் அவ்வளவுதான். மதியத்துக்கு நான் போட்டுக்கொண்ட சாமை 150 கிராம். அதில் 98 கிராம் மாவுச்சத்து. அதே எடைக்கு அரிசி என்றால் 117. இரண்டு வருடமாக நான் மிச்சம் பிடித்தது வேளைக்கு 19 கிராம். சோறு 'நல்ல சோறு' என்று ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் அந்த மிச்சமும் போச்சு.

சாமைக்குப் பெருமை இல்லை என்று சொல்ல வரவில்லை. அரிசியில் நார்ச்சத்து 3 கிராமுக்குள், சாமையில் 7-க்கு மேல். புரதமும் கூடுதல். அதே அளவு சாப்பிட்டால் சர்க்கரை கொஞ்சம் நிதானமாக ஏறும். ஆனால் குழையக் குழையப் பொங்கல் வைத்தாலும், மாவாக அரைத்துக் கஞ்சி காய்ச்சினாலும் அந்த நிதானம் குறைந்துவிடும். கடையில் பளபளவென்று வெள்ளையாக இருக்கிற சாமையில் தவிடே இருக்காது. அதற்கும் அரிசிக்கும் பெரிய தூரம் இல்லை.

இது என் ஒருவன் அனுபவம் மட்டும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் உணவுப் பகுதி 2025-இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்தது. நம் நாட்டார் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. தீட்டிய தானியத்துக்குப் பதில் முழுக் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ மாற்றிக்கொண்டால் மட்டும் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு குறைவதாகத் தெரியவில்லை என்கிறது அந்த ஆய்வு. மொத்த மாவுச்சத்து குறைய வேண்டும். அதில் ஒரு பங்கு பருப்பு, பயறு, பால் போன்ற புரதத்துக்கு மாற வேண்டும். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது மேடை மேடையாகப் பேசிய என் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

அப்படியென்றால் எத்தனை கிராம்?

எல்லாருக்கும் பொருந்துகிற ஒரே எண் கிடையாது. ஆனால் சில எல்லைக்கற்கள் உண்டு. ஒரு கிராம் மாவுச்சத்து என்பது 4 கலோரி. என்னைப் போல் ஒரு நாளைக்கு 1,800 கலோரி தேவைப்படுகிறவருக்குக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

அதே நாடு தழுவிய ஆய்வில், 18,090 பேரின் தரவை வைத்து 2022-இல் வந்த கட்டுரை, புதிதாகச் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்டவர்கள் அதிலிருந்து மீள மாவுச்சத்தை மொத்தக் கலோரியில் 49 முதல் 54 சதவீதத்துக்குக் குறைக்கலாம் என்றது. 50 சதவீதம் என்று வைத்தால் 225 கிராம். நம்மில் பலருக்கு இதுவே பெரிய குறைப்பு.

மருத்துவ நூல்களில் 'குறை மாவு உணவு' என்று சொல்வது பொதுவாக நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே. மூளை ஒரு நாளில் செலவழிக்கிற சர்க்கரையைக் கணக்கிட்டு வந்த எண் அந்த 130. அதற்குக் கீழே போனால் ஆபத்து என்று பொருள் இல்லை. கல்லீரல் தானே சர்க்கரை தயாரித்துக்கொள்ளும். 20 முதல் 50 கிராம் என்பது 'மிகக் குறை மாவு'. அமெரிக்க மருத்துவர் அட்கின்ஸ் 1972-இல் எழுதிய புத்தகத்திலிருந்து நம்மூர் பேலியோ குழுக்கள் வரைக்கும் பலர் தொடங்குகிற இடம் அதுதான். முதல் ஆறு மாதத்தில் எடையும் சர்க்கரையும் நன்றாக இறங்கும். ஒரு வருடத்துக்குள் பலரும் பழைய சாப்பாட்டுக்குத் திரும்புவதால் அந்த வித்தியாசம் சுருங்கிவிடுகிறது.

வயலில் வந்த மயக்கம்

நானும் அந்த 20 கிராமில் இறங்கிப் பார்த்தவன்தான். சாமை பலன் தரவில்லை என்ற ஆத்திரத்தில் ஒரே நாளில் எல்லாத் தானியத்தையும் நிறுத்தினேன். முட்டை, கீரை, கறி, மல்லாட்டை. மருத்துவரிடம் சொல்லவில்லை. மாத்திரையையும் வழக்கம்போல் போட்டுக்கொண்டேன்.

நான்காவது நாள் காலை பதினோரு மணி. மாட்டுக்குத் தீவனப்புல் அறுத்துக்கொண்டிருந்தேன். கை நடுங்கியது, சட்டை நனைகிற அளவு வியர்வை, கண் இருட்டியது. அரிவாளோடு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, மனைவி பார்த்துவிட்டார். சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடிக்க வைத்தார். பிறகு கருவியில் பார்த்தால் 52.

"என்னங்க, டாக்டருக்குத் தெரியாம வைத்தியம், எனக்குத் தெரியாம பட்டினி. நான் இந்தப் பக்கம் வராம இருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்றார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

மருத்துவர் விளக்கியபோதுதான் புரிந்தது. நான் போட்டுக்கொண்டிருந்த கிளைமிபிரைடு மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். தட்டில் மாவைக் குறைத்தால் மாத்திரையையும் குறைக்க வேண்டும். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதேதான். 'ஃப்ளோசின்' என்று முடிகிற பெயருள்ள மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாவை மிகவும் குறைத்தால் ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து இருக்கிறது. அப்போது கருவியில் சர்க்கரை அதிகம் காட்டாமலே ஆள் சோர்ந்துவிடலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறு வயதிலேயே இன்சுலினுக்கு வந்தவர்கள் தாங்களாக இந்த வேலையில் இறங்கவே கூடாது.

ஆகவே கிராம் கணக்குக்கு முன்னால் மாத்திரைச் சீட்டோடு மருத்துவரைப் பார்ப்பதுதான் முதல் படி.

என் எண்ணை நான் கண்டுபிடித்த விதம்

மருத்துவர் மாத்திரையைக் குறைத்துக் கொடுத்தார். பிறகு ஒரு வாரம் மதியச் சாப்பாட்டை மட்டும் சோதித்தேன். அதே சாம்பார், அதே காய், சாமையின் அளவு மட்டும் மாறும். சமைப்பதற்கு முன் எடை போட்டேன். முதல் கவளம் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் பார்த்தேன்.

சாமை 100 கிராம் போட்ட நாள் 214. 75 கிராமுக்கு 186. 50 கிராமுக்கு 158. சாப்பிட்ட பின் 180-க்குள் இருக்க வேண்டும் என்பது மருத்துவர் எனக்குக் கொடுத்த எல்லை. எனவே மதியம் 50 கிராம் சாமை என்று முடிவானது. மற்ற வேளைகளையும் இப்படியே பார்த்தேன். நாளைக்கு 120 கிராம் மாவுச்சத்து என்று வந்து நின்றது.

தட்டில் அது எப்படி இருக்கும்? காலையில் இரண்டு முட்டை, 40 கிராம் பச்சைப்பயறு சுண்டல், சர்க்கரை போடாத டீ: 23 கிராம். மதியம் 50 கிராம் சாமைச் சோறு, பருப்பு போட்ட சாம்பார், கீரை, ஒரு பெரிய கிண்ணம் காய், மோர்: 52. மாலையில் ஒரு கைப்பிடி மல்லாட்டை, இன்னொரு டீ: 10. இரவு 40 கிராம் கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரை அடை, காய்: 32. மொத்தம் 117.

முன்பு சாப்பிட்ட களியையும் எடை போட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டு உருண்டை ஒன்றுக்கு 100 கிராம் மாவு பிடிக்கும். இரண்டு உருண்டை போட்டால் 134 கிராம். ஒரு நாள் கணக்கு ஒரே வேளையில் தீர்ந்தது!

பசிக்காதா என்று கேட்பீர்கள். முதல் பத்து நாள் பசித்தது. காயையும் பயறையும் கூட்டிய பிறகு அடங்கிவிட்டது. ஆம்பூர் பிரியாணி மாதம் ஒரு நாள் உண்டு. கறித் துண்டு கூடுதலாகவும் சோறு ஒரு கரண்டியாகவும் வாங்கிக்கொள்வேன். இப்போது மூன்று மாதச் சராசரி 6.8. உங்கள் எண் 120-ஆக இருக்காது. நாளெல்லாம் மண்வெட்டி பிடிக்கிற முப்பது வயதுக்காரருக்கு 200 தாங்கலாம். என்னை விட அதிக காலம் சர்க்கரை உள்ளவருக்கு 90 போதுமாக இருக்கலாம். கருவிதான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் இல்லை.

நிலத்திலும் மாற்றம்

தட்டில் சாமை பாதியாகி, பயறு இரண்டு மடங்காகும்போது நிலம் மட்டும் அப்படியே இருந்தால் பயறைக் கடையில்தான் வாங்க வேண்டும். அது யார் வயலில் எந்த மருந்து அடித்து வந்ததோ! அதனால் இந்த ஆடியில் சாமையை ஒன்றரை ஏக்கரோடு நிறுத்தி, அதற்குள்ளேயே வரிசை விட்டுத் துவரை போட்டேன். அரை ஏக்கர் மல்லாட்டை. சாமை அறுத்த இடத்தில் கொள்ளு. கொள்ளு 100 கிராமில் புரதம் 21 கிராமுக்கு மேல், சாமையில் உள்ளதைப் போல் இரண்டு பங்கு. மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும். நாம் எப்போதும் சொல்கிற கலப்புப் பயிர்தான் இது. இந்தத் தடவை என் சர்க்கரைக்காகவும் செய்தேன்.

சாமை விற்பனை கொஞ்சம் குறைந்தது உண்மை. பயறும் கொள்ளும் அதை ஏறக்குறைய ஈடுகட்டிவிட்டன. எங்கள் கடையில் இப்போது வேறு அட்டை தொங்குகிறது: 'சாமை. தவிடு நீக்காதது. சர்க்கரை உள்ளவர்கள் வேளைக்கு 50 கிராமில் தொடங்கி, இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்துப் பாருங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.' படிக்க நேரம் எடுக்கிறது என்று கூட இருக்கிற நண்பர்களுக்குக் குறை. இருக்கட்டும்.

தோல் தொழிற்சாலை நண்பரின் புண் சித்திரைக் கடைசியில் ஆறியது. போன வாரமும் வந்தார். "ரெண்டு கிலோ சாமை, ஒரு கிலோ கொள்ளு, ஒரு கிலோ மல்லாட்டை போடுங்க சார்" என்றார். பிறகு பையிலிருந்து ஒரு சின்னத் தராசை எடுத்துக் காட்டினார். அவர் மகள் வாங்கிக் கொடுத்ததாம்.

நம் பொருளை வாங்குகிறவர்கள் நம் வார்த்தையையும் சேர்த்துத்தான் வாங்கிப் போகிறார்கள். உங்கள் கடையிலும் இப்படி ஓர் அட்டை இருந்தால், இந்த வாரமே ஒரு தடவை எடுத்துப் படித்துப் பாருங்கள்.