வீட்டைக் காக்கும் வடிகால்

கொற்கை ஒரு காலத்தில் கடல்துறை. பாண்டியரின் முத்துத் துறைமுகமாக விளங்கிய அவ்வூரைப் பழைய கிரேக்கக் கடல்வழி நூலும் ‘கொல்கோய்’ எனக் குறித்துள்ளது. இன்றோ அது கடலினின்று ஏறத்தாழ 6 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. தாமிரபரணி நூற்றாண்டுகளாகக் கொணர்ந்த வண்டல் கடலைப் பின்தள்ளிவிட்டது. அவ்வண்டலின் மேல்தான் நம் நெல்லும் வாழையும் விளைகின்றன. நம் வீடுகளும் நிற்கின்றன.

தாழ்ந்த நிலத்தில் நிலத்தடி நீர் அதிக ஆழத்தில் இராது. ஸ்ரீவைகுண்டம் அணையின் கால்வாய்கள் ஓடிக் குளங்கள் பெருகும்போதும், ஐப்பசி கார்த்திகை மழை பெய்யும்போதும் அது மேலும் உயரும். கிணற்று நீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்தால் மகிழ்கிறோம். அதே நீர் வீட்டு அஸ்திவாரத்தையும் தொடுகின்றது என்பதை நினைப்பதில்லை.

குழித்தறியில் நெய்வோர் இதனை முதலில் உணர்வர். மிதிக்குழியில் நீர் ஊறினால் தறி நிற்கும்; பாவுக்கு இட்ட கஞ்சியில் பூசணம் படரும். பிறகு சுவரின் முறை வரும். விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதுபோலச் செங்கல்லும் காரையும் நீரை மேலே ஏற்றுகின்றன. நீர் உலர்ந்ததும் அதிலிருந்த உப்பு பொரிந்து பூச்சைப் பெயர்க்கும். வீடு வாங்க வருபவர் கூரையைப் பாராவிடினும் சுவரின் அடியைப் பார்ப்பார். வாழ்நாள் உழைப்பில் எழுந்த வீட்டின் மதிப்பு அங்கே குறைந்துவிடும்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நாம் மறத்தற்கில்லை. 100 சதுர மீட்டர் கூரைமேல் அன்று விழுந்தது 95,000 லிட்டர். அத்தகைய வெள்ளத்தை வீட்டு வடிகால் தடுக்காது. ஆனால் 5 சென்டிமீட்டர் மழையிலும் அதே கூரையிலிருந்து 5,000 லிட்டர் இறங்குகிறது. அது சுவரடியிலேயே தேங்குவதை நாம் தடுக்க இயலும்.

வழி நமக்குப் புதிதன்று. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலையைப் பயிரிடுவோர், கொடியின் வேர் அழுகாதிருக்க மேட்டுப்பாத்தி அமைத்து வாய்க்கால் வெட்டுகின்றனர். கொடிக்குச் செய்வதை வீட்டுக்கும் செய்தல் வேண்டும்.

முதலாவது, சுவரிலிருந்து 10 அடி தூரத்துக்குள் நிலம் அரை அடியாவது சரிந்திருத்தல் வேண்டும். இரண்டாவது, கூரை நீரைக் குழாய் மூலம் சுவருக்கு அப்பால் கொண்டு விடுதல் வேண்டும். மூன்றாவது, ஊற்று மிகுந்த இடத்தில் சற்று விலகிப் பள்ளம் தோண்டி, துளையிட்ட குழாயைப் பதித்துச் சரளைக்கல் நிரப்புதல் வேண்டும். 100 அடிக்கு 1 அடி சரிவு போதும். சுவரை ஒட்டி அஸ்திவாரத்தினும் ஆழமாகத் தோண்டுதல் கூடாது.

2003 முதல் நம் மாநிலத்தில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புத் தொட்டியையும் சுவரடியில் அமைத்தல் கூடாது. ஓதமேறிய சுவரைச் சிமெண்டால் மூடுவதும் பயன் தராது. உள்ளே அடைபட்ட ஈரம் இன்னும் உயர ஏறும். புதிதாகக் கட்டுவோர் தரைமட்டத்துக்கு மேலே ஓதந்தடுக்கும் அடுக்கு ஒன்றை இடுவது சாலச் சிறந்தது.

இவையனைத்தும் தனியொருவர் செய்யக்கூடியவை. ஆயினும் வடிந்த நீர் எங்கே செல்லும்? ஒரு வீட்டின் வடிகால் அடுத்த வீட்டு முற்றத்தில் முடிந்தால், அது பகையை வளர்க்குமேயன்றி வீட்டைக் காவாது. ஆதலின் தெருவினர் கூடி நீர்மட்டம் பார்த்து, பொதுவடிகாலைத் தாழ்ந்த ஓடைவரை கொண்டு செல்லுதல் வேண்டும். அவ்வோடையை மேடாக்கி மனையாக்க எவரும் இடந்தரலாகாது.

நூலும் விதையும் கூடி வாங்கக் கற்ற நாம், நீரைக் கூடி வடிக்கவும் கற்போமாக. புரட்டாசி பிறக்குமுன் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து, நீர் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்வாராக. வெள்ளம் வருமுன் அணை கோலுவதே அறிவுடைமை.